வழியில் நின்ற நூறு குத்து

நெடுந்தீவுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்த இரஞ்சிதம் ஒரு திங்கட்கிழமை காலையில் விட்ட குத்து, வியாழக்கிழமை பின்னேரம்தான் போய் விழுந்தது. வீட்டுக் கோடியில் நின்ற பூவரசில் கட்டித் தொங்கவிட்ட மணல் சாக்குத்தான் அவளுக்குக் குறி. திங்களன்று சாக்கு அசையவில்லை, அவளது கைமுட்டியிலும் நோவு இல்லை. வியாழனன்று தாய் செல்லாச்சி அதற்குப் பக்கத்தில் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சாக்கு தானாகத் துள்ளிக் கயிறு அறுந்து பாயின் நடுவே விழுந்தது. அதே நேரம் சங்கக்கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் வலது முட்டி சுரீர் என்று நொந்தது. வீட்டுக்கு வந்த மகளிடம் செல்லாச்சி, "உன்ரை குத்து இப்பதான் வந்தது, ஒடியலெல்லாம் மண்" என்று ஏசினாள். இது எண்பத்து நான்காம் ஆண்டு மாசியில். அந்தக் கிழமை மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்தபடியால் ஊரில் அதைப் பற்றித்தான் கூடப் பேச்சு.

அதற்கு முந்திய ஆடி வரைக்கும் அவளது குத்துக்கள் நேரத்துக்கே விழுந்துகொண்டிருந்தன. தகப்பன் தில்லைநாதன் பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு நடந்த கராத்தே வகுப்பில் சேர்ந்து வெள்ளை, மஞ்சள், பச்சை என்று ஏறி மண்ணிறப் பட்டி வரைக்கும் வந்துவிட்டாள். கறுப்புப் பட்டிச் சோதனை ஆவணி முதற் கிழமை என்று வைத்திருந்தார்கள். ஆடி முடியுமுன் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் மூன்று பேரும் காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது, அதைக் கட்டியிருந்தது அந்த மண்ணிறப் பட்டி. தீவுக்கு வந்த பிறகு தில்லைநாதன் விடிய எழும்பி இல்லாத கடையின் பலகைகளைக் கழற்றப் போவார், வேலிப் படலை வரை போய்த் திரும்பி வருவார். இரஞ்சிதம் மாச்சாக்கைப் பிரித்துத் தனக்கு வெள்ளை உடுப்புத் தைத்தாள். எத்தனை தரம் தோய்த்தும் முதுகில் இருந்த ஆலை முத்திரை போகவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான், அந்தச் சோதனை. ஜேர்மனிக்குப் போன தமையன் அவளையும் கூப்பிட்டான், மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தான். "மற்றதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சுது அம்மா. இது ஒண்டுதான் பாதியிலை நிக்குது. இதை முடிக்காமல் நான் ஒரு இடமும் போக ஏலாது" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. இருப்புக் கொள்ளாத பிறவி. வெடியப்புறம் எழும்பிக் குதிரை நிலையில் நிற்பாள், கடைக்குப் போகும் வழியில் கல்வேலிகளுக்கு உதை விடுவாள், சீனி நிறுக்கும்போதும் கால் ஒன்று நிலத்தை அரைத்துக்கொண்டே இருக்கும். தராசு ஆடுகிறது என்று சனம் முறைப்பாடு சொன்னது.

அவளோடு பழகியவள் கடற்கரைப் பக்கத்து மேரிறோஸ், பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். பின்னேரங்களில் பள்ளிக்கூட வெளியில் இரண்டு பேரும் நேர்க்குத்தும் மேல்தடுப்பும் முன்உதையும் போடுவார்கள். மேரிறோஸின் அடி உடனே விழுந்தது. இரஞ்சிதத்தின் அடி விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது மேரிறோஸ் வாங்கிலிருந்து எழும்பிப் பறந்து முன்வாங்கில் போய்க் கவிழ்ந்தாள். சுவாமியார் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னடி, பூசைக்குள்ளையும் உதைக்கிறாய்?" என்று மேரிறோஸ் வந்து சண்டை பிடித்தாள்.

"அது நான் போன புதன்கிழமை உதைச்சதடி."

மேரிறோஸ் இடுப்பைத் தடவினாள். "எனக்கு விளங்குது. நீ இன்னும் முழுசா இஞ்சை வந்து சேரேல்லை. பாதி கப்பலிலை நிக்குது."

ஊர்ச்சனம் இவ்வளவு ஆழமாகப் போகவில்லை. நெடுந்தீவுக்கு எதுதான் நேரத்துக்கு வந்தது? பத்திரிகை முந்தாநாளையது, சம்பளம் போன மாதத்தையது, டொக்டர் வருவார் என்றால் அடுத்த மாரிக்கு வருவார். குத்தும் பிந்தித்தான் வரும் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்சக் காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. குறிகட்டுவான் துறைக்கும் தீவுக்கும் இடையில் படகு ஒழுங்காக ஓடும் கிழமைகளில் குத்து ஓரிரு நாளில் வந்துவிடும். சோழகக் காற்றுப் பிடித்துப் படகு நின்றால் குத்தும் நின்றுவிடும். எதில் போய்ப் பட்டது என்பதை மட்டும் அவளது முட்டி அந்த நேரமே அறியும். மணலில் பட்டால் ஒரு நோவு, பலகையில் பட்டால் இன்னொரு நோவு.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் சோதனை வைப்பவர் பரராசசிங்கம். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த மனிதர், மொட்டைத் தலை, சிரிப்பதற்குக் காசு கேட்பவர் போன்ற முகம். சட்டம் என்றால் சட்டம். தும்பு அடைத்த தோல் மெத்தை ஒன்றை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார், சோதனைக்கு வருகிறவர் அதில் நூறு நேர்க்குத்து விடவேண்டும். மெத்தை வழியாகத் தன் கைக்கு வரும் அதிர்ச்சியை வைத்துத்தான் புள்ளி. எண்பத்து நான்கு ஆடியில் இரஞ்சிதம் படகேறி, பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்று நூறும் விட்டாள். மெத்தை ஆடவில்லை.

"காத்திலை குத்துறீர், பிள்ளை."

"வரும் சேர். கொஞ்சம் பிந்தும்."

"பிந்தி வாறதுக்கு இது தபால் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் கடையில் ஒரு சில்லுக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் தொங்கிய மெத்தை தடார் என்று துள்ளி விழுந்தது. விழுந்த பிறகும் துள்ளியது. பரராசசிங்கம் கையைத் துடைத்துவிட்டு அதை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். மிச்சக் குத்தெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் கையில் விழுந்தன. இடுப்புத் திருப்பம் சரி, முட்டியின் நேர் சரி, பலமும் போதும். சில்லுக்கு வந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு நின்றான், இவர் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த முறை அவள் வந்து கேட்டபோது, "குத்து நல்ல குத்துத்தான். இல்லை எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் சோதனை அண்டைக்கு முடிஞ்சுது" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பது இதுதான். இரஞ்சிதம் குறிகட்டுவான் வரைக்கும் பஸ்ஸில் நின்றபடியே அழுதாள், இருக்க இடம் இருந்தும் இருக்கவில்லை.

தீவாருக்கு ஒரு பழக்கம் உண்டு. கலியாணமோ கோயில் கொடியோ எதுவானாலும் நாளைப் படகிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பூமாலை வெள்ளிக்கு வேண்டுமென்றால் புதனே ஆளனுப்பவேண்டும். இரஞ்சிதமும் அப்படியே எண்ணத் தொடங்கினாள். சோதனை நாளுக்கு முன்பாகவே நூறையும் விட்டுவிட்டு, அன்றைக்குப் போய்ச் சும்மா கையை நீட்டினால் கணக்குச் சரி. படகை ஓட்டும் தண்டையல் யாக்கோப்பிடம் காற்றையும் டீசலையும் பற்றி விசாரித்தாள். "இந்தக் கிழமை பிசகாது தங்கச்சி" என்று அவர் சொன்ன கிழமைகளிலெல்லாம் பிசகியது. இருந்தும் எண்பத்தைந்து பிறந்தபோது அவளுக்குக் கணக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது.

அந்த வருடம் வைகாசியில் படகில் நடந்ததை இந்தத் தீவில் எவரும் கதையாகச் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெகுநாள் படகு ஓடவில்லை. அவளும் குத்து விடவில்லை. செத்த வீடுகளுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டு திரிந்தாள்.

எண்பத்தாறில் மறுபடியும் ஒரு திகதி வந்தது. இரஞ்சிதம் மூன்று நாள் முந்தி, கிழக்கே பார்த்து நின்று, பரராசசிங்கத்தின் மெத்தையை மனதில் வைத்து நூறும் விட்டாள். சோதனை நாளன்று பார்த்துப் பட்டினத்தில் ஊரடங்கு, சோதனை ஒத்திவைப்பு. குத்துக்கள் மட்டும் ஒத்திவைக்கப்படவில்லை. பூட்டிக் கிடந்த சோதனை மண்டபத்துக்குள் ஆணியில் தொங்கிய மெத்தையில் சொன்ன நாள், சொன்ன நேரம் நூறும் போய் விழுந்தன என்று காவல்காரன் பிறகு சாட்சி சொன்னான். அவன் சொல்லத் தேவையில்லை. படகுத்துறையில் மறிபட்டு நின்ற இரஞ்சிதத்தின் முட்டியில் அது மந்தமாக, ஆளில்லா வீட்டுக் கதவில் தட்டியதுபோல வந்தது. பிடிக்க ஆள் இல்லாத மெத்தைக்குப் புள்ளியும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் நாள் வைத்தபோதெல்லாம் யாரோ ஒருவர் சண்டை வைத்தார். எண்பத்தேழில் ஒரு படை வந்தது, தொண்ணூறில் போனது, இடையில் கடையில் அவளை மனேஜராக்கினார்கள், மேரிறோஸ் கலியாணம் செய்து இரண்டு பிள்ளை பெற்றாள். தமையன் ஜேர்மனியிலிருந்து மூன்று மாப்பிள்ளைமாரை அடுத்தடுத்துப் பார்த்தான், மூன்று பேருக்கும் வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது. தொண்ணூறு ஆனியில் மறுபடி சண்டை பிடித்தபோது பட்டினத்துக்கும் தீவுக்கும் இடையிலான போக்குவரத்து அடியோடு நின்றது. பக்கத்துப் புங்குடுதீவு மடத்துவெளியோடு சேர்ந்து வெறிச்சோடியது. நெடுந்தீவில் மிஞ்சியவர்கள் மாடுகளோடும் கல்வேலிகளோடும் மிஞ்சினார்கள்.

இரஞ்சிதம் நிறுத்தவில்லை. நாளுக்கு நூறு, ஒவ்வொன்றும் அந்தத் தும்பு மெத்தைக்குத்தான். ஒன்றும் போய்ச் சேரவில்லை. முட்டி ஒருநாளும் நோகவில்லை, அதுதான் அவளை அரித்தது. "நான் விட்டதெல்லாம் எங்கை நிக்குது? எவன்ரையோ தலையிலை விழுந்திடுமோ?" என்று மேரிறோஸிடம் கேட்பாள். சாப்பிட இருந்தால் எழும்புவாள், எழும்பினால் எதற்கு எழும்பினாள் என்று மறந்துபோவாள். தொண்ணூற்றொன்று ஆவணியில் தில்லைநாதனுக்கு நெஞ்சுவலி வந்தது. பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. படலையில் கை வைத்தபடி, பலகை கழற்றுகிற மனிதரைப்போலவே நின்று செத்தார். அடுத்த நாட் காலையும் அவள் நூறு விட்டாள். ஊர் அதைப் பிழையாகக் கதைத்தது. கதைக்கட்டும், வேறென்ன செய்திருப்பாள் அந்தப் பிள்ளை.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை கொஞ்சம் ஓய்ந்தது. ஆனால் பட்டினத்துக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம் ஓட அனுமதி பங்குனியில்தான் கிடைத்தது. அந்த முதல் வள்ளத்திலேயே தீவின் மாவிலித்துறையில் பரராசசிங்கம் வந்து இறங்கினார், கையில் அந்த மெத்தை. மெலிந்திருந்தார், மொட்டையைச் சுற்றியிருந்த மயிரும் நரைத்துவிட்டது. "இவ்வளவு காலமாய் ஒண்டும் வரேல்லை. பிள்ளை விட்டிட்டுதோ, இல்லாட்டி வழியிலை நிக்குதோ எண்டு பாத்திட்டுப் போக வந்தனான்" என்று யாக்கோப்பிடம் சொல்லி வாய் மூடவில்லை, முதலாவது குத்து வந்து மெத்தையில் விழுந்தது. அவர் துறைக் கல்லில் குந்தியிருந்து மெத்தையை நேரே பிடித்தார். ஐந்து வருடக் குத்தும் வந்தன, காவோலையில் மழை விழுவதுபோல இடைவிடாமல். ஆள் சொல்லி இரஞ்சிதம் கடையைப் பூட்டாமலே ஓடிவந்தாள், ஓடும்போதே இரண்டு கைமுட்டியும் நெருப்பாய் எரிந்தது. மேரிறோஸ் அவருக்குத் தேத்தண்ணி பருக்கிவிட்டாள், ஏனென்றால் அவருக்குக் கை ஒழியவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் வாசித்தார். "இது நல்லாய் இருக்கு. இதுவும். இதென்ன, நடுங்குது?"

"தொண்ணூத்தொண்டு ஆவணி சேர். அப்பா மோசம் போன அடுத்த நாள்."

"ம்." அவர் மெத்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இது கோவம்."

"ஓம்."

"கோவத்திலை இடுப்புத் திரும்பேல்லைப் பிள்ளை. தோளாலை தள்ளுறீர்." பிறகு கனநேரம் கழித்து, "இப்ப சரி. இப்ப நல்ல சரி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கைநோவாகவும் இருக்கலாம்.

மதியம் திரும்பியபோது கடைசிக் குத்தும் விழுந்தது. இரஞ்சிதம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை. "பழகினதுக்குப் புள்ளி இல்லை. சோதனைக்குச் சோதனையிலைதான். உடுப்பைப் போட்டுக்கொண்டு வாரும்."

மாச்சாக்கு உடுப்போடு துறை வெளியில் நின்று அவள் தடுப்புகளைக் காட்டினாள், உதைகளைக் காட்டினாள், கட்டா என்கிற அந்த நீண்ட அடவை ஒரு பிசகில்லாமல் ஆடி முடித்தாள். கண்ணால் பார்க்கக் கூடியதற்கெல்லாம் அவர் சரி போட்டார். பிறகு மெத்தையைப் பிடித்தார், அவள் நூறும் விட்டாள். மெத்தை ஆடவில்லை. யாக்கோப்பு வள்ளத்திலிருந்து கத்தினார், "சேர், பொழுதுக்குள்ளை போகவேணும், அனுமதி இண்டைக்கு மட்டும்தான்!"

இரஞ்சிதம் கையைத் தொங்கவிட்டாள். இந்த முறையும் அவ்வளவுதான். அவளுக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

பரராசசிங்கம் மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வள்ளத்தில் கால் வைத்தார், வைத்த காலோடு திரும்பினார். "சோதனை முடிஞ்சுது எண்டு நான் சொன்னனானோ?"

"இல்லை சேர்."

"நான் சொல்லாமல் முடியாது. அதுதான் சட்டம். இதை நான் எங்கை போனாலும் கொண்டு போவன். வரேக்கை பிடிப்பன்." இவ்வளவு காலமும் அவளை மறித்த சட்டத்துக்குள்ளேயே அவருக்கு நுழைய ஒரு வேலிப்பொட்டு அகப்பட்டுவிட்டது. வள்ளம் போய்விட்டது.

அடுத்த வள்ளத்துக்கு அனுமதி கிடைக்குமுன் சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது, நூறு குத்தும் வழியில் நின்றன. அந்த ஏழு மாதமும் இரஞ்சிதத்தோடு கதைக்க ஏலாது. ஒரு கிலோவுக்குக் காசு வாங்கி இரண்டு கிலோ மா போட்டாள், சைக்கிளை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். சோதனை நடந்துகொண்டிருக்கிறது, அதற்கிடையில் எப்படி நிம்மதியாக இருப்பது? ஐப்பசியில் ஒருநாள் சைக்கிள் டைனமோவில் ஓடிய றேடியோ, யாழ்ப்பாணப் பட்டினமே ஒரே இரவில் எழும்பி நடக்கிறது என்று சொன்னது. பிள்ளை குட்டி, கிழடு கட்டை, நோயாளி எல்லாம் மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடக்கின்றன, அலுமாரியை விட்டு, ஆட்டை விட்டு, கலியாணப் படத்தை விட்டு. இரஞ்சிதம் றேடியோவுக்கு முன்னால் நின்றாள். மனிதர் உயிரோடு இருக்கிறாரா? இருந்தாலும், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது தும்பு மெத்தையை எவன் தூக்குவான்? தான் சோதனையை நினைத்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை கடைக்கு முன்னால் வரிசை. செபஸ்தியம்மா சீனிக்கு நின்றாள், அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். தராசில் படிக்கல்லை வைத்த கையோடு இரஞ்சிதத்தின் வலது முட்டி சுரீர் என்றது. பிறகு இடது. பிறகு வலது.

அன்று எந்த வள்ளமும் ஓடவில்லை. பிறகு எப்படி வந்தது என்று கேட்டால், சாவகச்சேரி வழியில் நாவற்குழிப் பாலத்தில் அன்று நடந்த சனம் சொன்னதைத்தான் சொல்லலாம். அந்தக் குத்துக்கள் மாதக்கணக்காய் வழியில் நின்றன, அன்றைக்குப் பரராசசிங்கமும் வழிக்கு வந்துவிட்டார். வழியில் நின்றவர்கள் வழியில் சந்தித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சைக்கிள் கரியரில் மூட்டைக்கு மேலே கட்டியிருந்த மெத்தை துள்ளத் தொடங்கியதும் அவர் சைக்கிளைப் பக்கத்தில் வந்த ஒருவனிடம் கொடுத்துவிட்டு, பாலத்துச் சுவரோடு ஒதுங்கி, மெத்தையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். பின்னால் வந்த சனம் "தள்ளுங்கோ ஐயா" என்றது. "சோதனை நடக்குது" என்றார். சனம் ஒரு முழம் இடம் விட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

இரஞ்சிதம் கண்ணை மூடினாள். அது மண்ணில் கிடக்கும் மெத்தையின் நோவு அல்ல. சுவரில் தொங்குவதும் அல்ல. ஒரு நெஞ்சுக்கு முன்னால், இரண்டு கை இறுக்கிப் பிடித்த மெத்தை. மனிதர் இருக்கிறார், நிற்கிறார், நேராகப் பிடித்திருக்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. வரிசையில் நின்றவர்கள் அவளது கையைப் பார்த்தார்கள், ஒருவரும் சீனி கேட்கவில்லை. கடைசிக் குத்து விழுந்து முட்டி ஆறியதும் அவள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கிழக்கே திரும்பி, குதி இரண்டையும் சேர்த்துக் குனிந்து வணங்கினாள். எண்பத்து மூன்று ஆடியிலிருந்து ஆடிக்கொண்டிருந்த கால் அன்றைக்கு ஆடாமல் நின்றது.

"பாஸோ, பிள்ளை?" என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

"ஓம் அக்கா. பாஸ்."

"நல்லது. எனக்கு அரைக்கிலோ போதும்" என்று செபஸ்தியம்மா பையை விரித்துப் பிடித்தாள், இரஞ்சிதம் சரியாக அரைக்கிலோ நிறுத்துக் கொடுத்தாள்.